சிராலி: விளக்கை அணைத்து வைத்திருக்கும் ஒரு கடற்கரையில் விடுமுறை

துருக்கியின் தெற்குக் கரையில் சிராலி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. முதல் எழுத்தை ‘பச்சை’யில் வருகிற ‘ச்ச’ மாதிரி அழுத்திச் சொல்லணும், இல்லாவிட்டால் பஸ் டிரைவருக்குப் புரியாது. அன்டால்யா நகரத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளைந்து கிடக்கும் கடற்கரை. அதன் பின்னால் ஆரஞ்சு, மாதுளைத் தோட்டங்கள். அதற்கும் பின்னால் நேராக எழும்பும் மலைகள். இரண்டு தடவை போயிருக்கிறேன், ஒரு தடவை மே மாதம், இன்னொரு தடவை செப்டம்பர் முதல் வாரம். “மத்தியதரைக் கடல் பக்கம் கூட்டமில்லாத கடற்கரை ஏதாவது சொல்லேன்” என்று கேட்கிற நண்பர்களுக்குத் துண்டு துண்டாக எழுதி அனுப்பியதை இங்கே ஒழுங்காகத் தொகுத்து வைக்கிறேன்.

குறிப்புகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம். இந்த ஊர் அமைதியாக இருப்பது தற்செயல் இல்லை. வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் கெமர் என்ற ஊர் வந்துவிடும். அங்கே நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட ஹோட்டல்கள், இரவெல்லாம் பாட்டு. அதே கடல், அதே மலை, அதே வெயில். சிராலி மட்டும் ஏன் அப்படி ஆகவில்லை என்று புரிந்துகொண்டால், அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதில் பாதி தானாகவே தெரிந்துவிடும்.

அமைதி எங்கிருந்து வந்தது

இதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, ஊரைச் சுற்றியிருக்கும் மலையும் காடும் 1972இல் ஒலிம்போஸ் பேதாலரி தேசியப் பூங்கா ஆனது. இரண்டாவது, கடற்கரையின் தென்கோடியில் ஒலிம்போஸ் என்ற பழைய லிசிய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. தொல்லியல் பகுதியில் நினைத்தபடி கான்கிரீட் போட முடியாது. மூன்றாவது காரணம் ஆமை. பெருந்தலைக் கடலாமைகள் ஒவ்வொரு கோடையிலும் இந்த மணலுக்கு வந்துதான் முட்டையிடுகின்றன. 1990களிலிருந்து ஊர்க்காரர்களும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து இந்தக் கூடுகளைக் காவல் காத்து வருகிறார்கள்.

இதே கரையில் மேற்கே தால்யான் பக்கம் இஸ்துசு என்று ஒரு கடற்கரை உண்டு. 1980களில் அங்கே பெரிய ஹோட்டல் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. ஜூன் ஹைமாஃப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, ஊரில் எல்லோருக்கும் ‘கேப்டன் ஜூன்’, ஆமைகளுக்காகக் குரல் கொடுத்தார். உலகம் முழுக்கப் பேச்சாகி, வேலை நின்றது. 1988இல் அந்தப் பகுதி சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கோடையில் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை இஸ்துசு கடற்கரைக்கு யாரும் போகக் கூடாது. அது ஆமையின் நேரம்.

ஆக, இங்கெல்லாம் நாம் அனுபவிக்கிற அமைதி ஆமைக்காக ஏற்பட்டது. நமக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கிறது, அவ்வளவுதான். கீழே வருகிற குறிப்புகளை இதை மனசில் வைத்துப் படியுங்கள்.

எப்போது போவது

மே, ஜூன்: வெயில் இதமாக இருக்கும், மலையில் நடக்கலாம், பூக்கள் இருக்கும். ஆனால் மே மாதக் கடல் 21 டிகிரி அளவில்தான் இருக்கும். மெரினா தண்ணீருக்குப் பழகிய உடம்புக்கு அது ஐஸ். முதல் ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டால் பிறகு சுகம்.

ஜூலை, ஆகஸ்ட்: கடல் 28 டிகிரி தொடும். வெயிலும் 35ஐ எட்டும், சில நாட்கள் அதையும் தாண்டும். துருக்கியில் பள்ளிக்கூட விடுமுறை ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. உள்ளூர்க் குடும்பங்கள் நிறைய வருவார்கள். பெருநாள் விடுமுறை இதோடு சேர்ந்துவிட்டால் அறை கிடைப்பதே கஷ்டம். இஸ்லாமிய நாட்காட்டிப்படி வருவதால் பெருநாட்கள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். அதனால் போன வருட அனுபவத்தை நம்பாமல் நாட்காட்டியைப் பாருங்கள்.

செப்டம்பர் பின்பாதி, அக்டோபர்: என் ஓட்டு இதற்குத்தான். காற்று குளிரத் தொடங்கினாலும், கோடை முழுக்க வாங்கிய சூட்டைக் கடல் சீக்கிரம் விடாது. அக்டோபரிலும் 25 டிகிரி அளவில் இருக்கும். மாதுளை பழுத்திருக்கும். கூட்டம் கலைந்திருக்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை: மத்தியதரைக் கடல் பகுதியில் மழை குளிர்காலத்தில்தான். நம் தென்மேற்குப் பருவமழைக் கணக்கை அங்கே போடாதீர்கள். அன்டால்யா பக்கம் குளிர்கால மழை சும்மா தூறல் இல்லை, கொட்டித் தீர்க்கும். தங்கும் விடுதிகளில் பாதி மூடியிருக்கும்.

விசாவும் வழியும்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்பு அனுமதியோ இருந்தால் துருக்கி மின்விசா வாங்கலாம். இல்லாதவர்கள் வழக்கமான விசாவுக்கு விண்ணப்பிக்கணும். விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடும் முன் அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி தோற்றமளிக்கும் தரகுத் தளங்கள் நிறைய உண்டு, உஷார்.

அன்டால்யா விமான நிலையத்திலிருந்து டிராம் இருக்கிறது. அதில் ஏறி ‘ஓட்டோகார்’ நிறுத்தத்தில் இறங்கினால் பேருந்து நிலையம். அங்கே வெளியூர்ப் பேருந்துகளுக்கு ஒரு பகுதி, பக்கத்து ஊர்களுக்குப் போகும் மினி பஸ்களுக்கு இன்னொரு பகுதி. கும்லுஜா, ஃபினிகே, காஷ் போகிற மினி பஸ் எதில் ஏறினாலும் சரி, “சிராலி” என்று சொல்லி வையுங்கள். நெடுஞ்சாலையில் சிராலி பிரிவில் இறக்கிவிடுவார்கள்.

அங்கேதான் பலர் விழிப்பார்கள். அது ஊர் இல்லை. ஊர் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் கீழே, மலையை வளைந்து இறங்கும் சாலையில். பிரிவில் ‘டோல்முஷ்’ நிற்கும், அதாவது நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும் வேன். கோடையில் பிரச்சினை இல்லை. மற்ற மாதங்களிலும் சாயங்காலத்துக்கு மேலும் ஆள் சேராது. தங்கப்போகும் விடுதிக்கு முன்பே எழுதினால் பெரும்பாலும் வண்டி அனுப்பி வைப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் அன்டால்யாவில் இறங்குகிறவர்கள் அன்று அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்புவது நல்லது.

இன்னொரு குழப்பம்: ‘ஒலிம்போஸ்’ என்று முன்பதிவு செய்தால் நீங்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேருவீர்கள். அங்கே மரவீடுகள், இளைஞர் கூட்டம், பாட்டு. கடற்கரை வழியாக நடந்தால் சிராலிக்கும் அதற்கும் அரை மணி நேரத்துச் சொச்சம்தான். ஆனால் வண்டியில் போக நேர்வழி கிடையாது. மலையேறி நெடுஞ்சாலைக்கு வந்து, இன்னொரு சாலையில் மறுபடி இறங்கணும்.

தங்குவது

பெரிய ஹோட்டல் கிடையாது. தோட்டத்துக்கு நடுவே மரத்தால் கட்டிய குடில்கள், குடும்பமாக நடத்தும் ‘பன்சியோன்’கள். காலைச் சாப்பாடு சேர்த்தே வாடகை. சில இடங்களில் இரவுச் சாப்பாடும் சேரும், அதற்கு ‘யாரம் பன்சியோன்’ என்று பெயர். லிராவின் மதிப்பு வேகமாக இறங்குவதால் பழைய பயணக் கட்டுரைகளில் இருக்கும் விலைகளை நம்ப வேண்டாம். பல இடங்களில் யூரோவில்தான் விலை சொல்வார்கள்.

முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை உண்டா? ஏசி உண்டா? கடலுக்கு எவ்வளவு தூரம்? மூன்று கிலோமீட்டர் ஊரில் கடைசிக் கேள்வி முக்கியம். வடகோடியில் தங்கினால் கடை கண்ணிக்கு நடை அதிகம். பல விடுதிகளில் சைக்கிள் கொடுப்பார்கள், ஊர் சமதரை என்பதால் சிறுவர்களும் ஓட்டலாம்.

விடுதி நடத்தும் அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்க வேண்டாம். துருக்கியர்களும் நம்மைப் போலத்தான், முறை வைத்துக் கூப்பிடுவார்கள். ‘அப்லா’ என்றால் அக்கா, ‘ஆபி’ என்றால் அண்ணன், ‘தெய்ஸெ’ என்றால் அத்தை, பெரியம்மா வயதுக்காரர், ‘அம்ஜா’ என்றால் மாமா, சித்தப்பா வயதுக்காரர். நாற்பது வயதுப் பெண்மணியை ‘தெய்ஸெ’ என்று சொல்லி வைத்தால் என்ன முறைப்பு கிடைக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள், ‘அப்லா’ பாதுகாப்பு.

கடல்

நம் வங்கக் கடலைப் பார்த்தவர்களுக்கு இது வேறு ரகம். ஏற்றவற்றம் ஒரு அடிக்குள்தான், காலையில் விரித்த துண்டு சாயங்காலமும் அதே இடத்தில் காய்ந்து கிடக்கும். உப்பு அதிகம், ஒரு கிலோ தண்ணீரில் 39 கிராம் அளவுக்கு இருக்கும். அதனால் மிதப்பது சுலபம், கண் எரிவதும் நிச்சயம். நீச்சல் கண்ணாடி எடுத்துப் போங்கள்.

கரை வெறும் மணல் இல்லை, கூழாங்கல்லும் பருமணலும் கலந்தது. மதியத்தில் கல் கொதிக்கும். தண்ணீருக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு இல்லாமல் போகாதீர்கள். பாறை ஓரங்களில் முள்ளெலி மாதிரி முள் கொண்ட கடல் உயிரிகள் ஒட்டியிருக்கும். மிதித்தால் முள் உள்ளே உடைந்து நிற்கும், செருப்பு அதற்கும் சேர்த்துத்தான். கூழாங்கல் கரை சட்டென்று சரிவதால் நாலைந்து அடி வைத்ததும் ஆழம் வந்துவிடும். அலை இல்லையே என்று குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். உயிர்காப்பாளர் இருப்பார் என்ற எண்ணத்தில் எதுவும் செய்ய வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பும், காலை நேரக் கடல்தான் கண்ணாடி.

வெயிலில் வியர்வை தெரியாது. சென்னையில் நனைந்துபோவோம், அதனால் தண்ணீர் குடிக்கும் நினைவு வரும். இங்கே காற்று சீக்கிரம் காயவைத்துவிடும். தலைவலி வந்த பிறகுதான் புரியும்.

இரவு, ஆமை, வெளிச்சம்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய பகுதி இதுதான்.

மே முதல் ஆகஸ்ட் நடு வரை தாய் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு கூட்டுக்கு நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போகும். கூட்டைச் சூடாக வைத்திருப்பது மணல்தான். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதும் முடிவாகும், சூடு கூடினால் பெண். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பொரித்து, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை குஞ்சுகள் இரவில் வெளியே வரும்.

வெளியே வந்த குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இருட்டான கரையில் வானம் பிரதிபலிக்கும் கடல்தான் அதிக வெளிச்சம், பின்னால் இருக்கும் மேடும் மரமும் கறுப்பு. ‘வெளிச்சத்தைப் பார்த்து ஓடு’ என்ற ஒரே விதி அதற்குப் போதும். பல கோடி வருடமாக அது சரியாக வேலை செய்தது. கரையில் ஒரு குண்டு பல்பு எரிந்தால் அதே விதி அதைக் கொன்றுவிடும். பல்பை நோக்கி ஊர்ந்து, களைத்து, விடிந்தால் வெயிலில் காய்ந்து, அல்லது நாய்க்கும் நண்டுக்கும் இரையாகும்.

செப்டம்பரில் போனபோது ஒரு இரவு இதை நேரில் பார்த்தேன். கூடுகளின் மேல் கம்பிக் கூண்டு வைத்து அடையாளம் போட்டிருப்பார்கள். ஒன்றின் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் செல்போன் விளக்கைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் வெளியே வந்த குஞ்சுகள் நாலைந்தும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ஆட்களின் காலை நோக்கி ஊர்ந்தன. காவலுக்கு வந்த ஊர்ப் பெண் ஒருவர் சத்தம் போடாமல் எல்லோரையும் அணைக்கச் சொன்னார். பிறகு ஊர்ப் பக்கத்து வெளிச்சம் படாதபடி தன் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் குழம்பி நின்ற குஞ்சுகள் மெல்லத் திரும்பின. அவர் அங்கிருந்து அசைய இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது.

சென்னைக்காரர்களுக்கு இது புதிசு இல்லை. பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் பங்குனி ஆமைகள் முட்டையிடும். 1988லிருந்து மாணவர்கள் இரவு நடை நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். நாய், மனிதர், தெருவிளக்கு எல்லாம் சூழ்ந்த நகரத்தில் முட்டையைத்தான் நகர்த்த முடியும். சிராலியில் பெரும்பாலும் கூட்டை இருந்த இடத்தில் விட்டுவிட்டு, விளக்கை நகர்த்துகிறார்கள். ஊர் முழுக்க ஒத்துக்கொண்டால்தான் இது நடக்கும். வந்து போகிற நாமும் அந்த ஊரில் சேர்த்திதான்.

அதனால் செய்ய வேண்டியவை:

- இருட்டிய பிறகு கடற்கரையில் டார்ச், செல்போன் விளக்கு, ஃபிளாஷ் வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்தால் கண் இருட்டுக்குப் பழகிவிடும். நட்சத்திரங்களும் அப்போதுதான் தெரியும்.
- கடலைப் பார்த்த அறை என்றால் திரையை இழுத்துவிடுங்கள், வாசல் விளக்கை அணையுங்கள்.
- குடைக் கம்பை மேட்டு மணலில் குத்தாதீர்கள், கீழே கூடு இருக்கலாம். தண்ணீரோரத்து ஈர மணலில் நடுங்கள்.
- பிள்ளைகள் தோண்டிய குழியையும் மணல் கோட்டையையும் கிளம்பும் முன் சமப்படுத்துங்கள். நமக்கு ஒரு சாண் பள்ளம், குஞ்சுக்கு அது கிணறு.
- வழி தவறிய குஞ்சைக் கண்டால் கையால் எடுத்துக் கடலில் விடத் தோன்றும். விடாதீர்கள். கூண்டு வைப்பவர்களிடமோ விடுதியிலோ சொல்லுங்கள்.

எரியும் கல்லும் பழைய நகரமும்

டார்ச் வேண்டாம் என்று சொன்ன கையோடு, ஒரு நல்ல டார்ச் எடுத்துப் போகவும் சொல்கிறேன். அது யானார்தாஷுக்கு. பெயருக்கு ‘எரியும் கல்’ என்றே பொருள். ஊருக்கு வடக்கே மலைச்சரிவில் பாறை இடுக்குகளிலிருந்து தீ எரிந்துகொண்டே இருக்கும். உள்ளிருந்து கசிவது பெரும்பாலும் மீத்தேன். அதில் ஒரு பகுதி, மக்கிய உயிர்ப்பொருளிலிருந்து வராமல், பாறையும் நீரும் வினைபுரிவதால் உண்டாவது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கிரேக்கர்கள் இதைச் சிங்கத் தலையும் ஆட்டு உடலும் பாம்பு வாலும் கொண்டு நெருப்பு கக்கும் கிமேரா என்ற மிருகத்தின் கதையோடு சேர்த்தார்கள்.

அடிவாரத்தில் டிக்கெட் வாங்கி, ஒரு கிலோமீட்டர் அளவு செங்குத்தான படிகள் ஏறணும், அரை மணி நேரம். சூரியன் மறையும்போது ஏறினால் வெளிச்சத்தில் ஏற்றம், இருட்டில் தீ. இறங்கும்போதுதான் டார்ச் வேண்டும், படிகள் வழவழப்பு. ஊருக்குத் திரும்பும்போது கடற்கரை வழியாக வராமல் சாலை வழியாக வாருங்கள், டார்ச் அங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஒலிம்போஸ் இடிபாடுகளுக்குக் காலையில் போங்கள். கடற்கரையின் தென்கோடியில், ஆறு கடலில் சேரும் இடத்தில் நுழைவாயில், அங்கும் டிக்கெட் உண்டு. லிசிய நகரக் கூட்டமைப்பில் மூன்று ஓட்டு வைத்திருந்த ஆறு பெரிய நகரங்களில் இதுவும் ஒன்று. பிறகு கடற்கொள்ளைக்காரர்கள் கையில் போய், ரோமர்கள் வந்து பிடித்தார்கள். யூதெமோஸ் என்ற கப்பல் தலைவனின் கல்சவப்பெட்டியில் ஒரு கப்பல் செதுக்கப்பட்டிருக்கும், தவறவிடாதீர்கள்.

அங்கிருந்து ஒரு சில்லு கூட எடுத்து வராதீர்கள். பழம்பொருள் எடுத்துச் செல்வது துருக்கியில் கடுமையான குற்றம். ‘அழகா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்’ என்ற கதை விமான நிலையத்தில் செல்லாது.

சாப்பாடு, பணம், மருந்து

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ‘கோஸ்லெமே’ என்ற மெல்லிய ரொட்டிக்குள் கீரை, சீஸ், உருளைக்கிழங்கு வைத்துச் சுடுவார்கள். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துத் தரும் காய்கறி வகைகளுக்கு ‘ஸெய்தின்யாலி’ என்று பெயர். பருப்பு சூப் எங்கும் உண்டு. ஆனால் ‘எத் யோக்’, அதாவது ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும். அவர்கள் கணக்கில் கோழியும் மீனும் ‘எத்’தில் சேராது. “எத் யோக், தாவுக் யோக், பாலிக் யோக்” என்று மூன்றையும் சொல்லணும். சூப்பும் சோறும் இறைச்சிச் சாற்றில் வெந்தவையா என்று தனியாகக் கேளுங்கள். காரத்துக்கு மேசையில் ‘புல் பிபெர்’ மிளகாய்த் தூள் இருக்கும். கொஞ்சம் தாராளமாகவே போடலாம்.

பணத்தை அன்டால்யாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். டோல்முஷுக்கும் சின்னக் கடைகளுக்கும் சில்லறை வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் கெமர் அல்லது கும்லுஜா போகணும். எந்த அவசரத்துக்கும் எண் 112, காட்டுத் தீயைப் பார்த்தாலும் அதுதான். கோடையில் பைன் காடு பெட்ரோல் மாதிரி. சிகரெட் துண்டை எறிவது, காட்டோரம் அடுப்பு மூட்டுவது இரண்டும் அங்கே விளையாட்டு இல்லை.

யாருக்கு ஒத்து வராது

இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவது நடக்கணும் என்று எதிர்பார்ப்பவர்கள், வரிசையாகக் கடை வேண்டும் என்பவர்கள், பளபளவென்று மணல் வேண்டும் என்பவர்கள் கெமருக்கோ அலன்யாவுக்கோ போகலாம், அங்கே எல்லாம் உண்டு. சிராலிக்குப் போய்விட்டு “இங்க ஒண்ணுமே இல்லையே, கொஞ்சம் லைட்டாவது போடலாமே” என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் கூடக் கூட, ஒரு விடுதி ஒரு விளக்குப் போடும், பக்கத்து விடுதி இரண்டு போடும்.

இந்தக் கோடையில் அங்கே பொரிக்கும் பெண் குஞ்சுகளில் தப்பிப் பிழைப்பவை, இருபது முப்பது வருடம் கழித்து முட்டையிட இந்தக் கரையைத் தேடித்தான் திரும்பி வரும். அப்போதும் அந்த மணல் இருட்டாக இருக்கணும். நாம் தங்குகிற நாலு நாளும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.